மயக்கத் தொட்டி, முழிப்புத் தொட்டி

என் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேன் எடுத்த பெண் சொன்னபோது, "எத்தனைம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"நாலஞ்சு தெரியுது சார்."

"மீன் தொட்டிக்கு அடியில பரப்புற அளவுக்குத் தேறுமா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த என் மனைவியும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். வயிற்றில் தடவியிருந்த பசை சில்லென்று இருந்ததால் அதுவும் பாதியில் நின்றுபோனது. பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்கு வாய் பேசும். அதை வைத்து ஊரில் பலர் என்னைத் தைரியசாலி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி நம்புவதில்லை.

கல்லை மட்டும் எடுக்க முடியாது, பையோடு எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம், ஒன்றுமே இல்லை என்றார். கடைசியில் எழுந்திருக்கும்போது, "முழு மயக்கம் குடுத்துதான் பண்ணுவோம்" என்று ஒரு வார்த்தை போட்டார். அந்த ஒன்றுமே இல்லாததற்குள் இது இருந்தது.

எனக்கு மயக்கத்தைப் பற்றித் தெரியும். சிக்கலே அதுதான். தெரியாதவன் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவான்.

அல்லிநகரத்தில் எனக்கு ஒரு வண்ணமீன் கடை. மீன் விற்பதோடு மீனுக்குச் சில்லறை வைத்தியமும் பார்ப்பேன். செதிலில் புண் வந்தால் சுரண்டி மருந்து வைப்பது, அழுகிய துடுப்பைக் கத்தரிப்பது, வாயில் சிக்கிய கூழாங்கல்லை எடுப்பது என்று. விழித்திருக்கும் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு இதெல்லாம் ஆகாது, துள்ளித் துள்ளியே செத்துப்போகும். அதனால் மயக்கம். மருந்து ஒன்றும் பெரிதில்லை. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிறோமே, அந்தக் கிராம்புத் தைலம்தான். அதை நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய்ப் படலமாக மேலேயே மிதக்கும். பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, சொட்டுக் கணக்கில் தைலம் விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்கித் தொட்டியில் ஊற்ற வேண்டும். கடையின் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் வைத்திருக்கிறேன். சிவப்பு மயக்கத் தொட்டி. நீலம் முழிப்புத் தொட்டி, அதில் வெறும் நல்ல தண்ணீரும் காற்றுக்குழாயும் மட்டும் இருக்கும்.

சிவப்பில் விட்டதும் மீன் முதலில் ஓடும். செவுள் படபடவென்று அடிக்கும். தனக்கு ஏதோ நடக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு ஓட்டம் தளரும். நேராக நிற்கத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். முழுதாகச் சாய்ந்ததும் வாலைக் கிள்ளிப் பார்ப்பேன். இழுத்துக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. இழுக்காமல் கிடந்து, செவுள் மட்டும் மெதுவாகத் தூக்கித் தூக்கி இறங்கினால் அதுதான் சரியான நேரம். வேலையை முடித்து நீலத்தில் விட வேண்டியது. அதைத் தாண்டி இன்னொரு படி இருக்கிறது. செவுள் நின்றுவிடும். அதற்குப் பிறகும் இதயம் மட்டும் கொஞ்ச நேரம், முதலாளி போனது தெரியாத வாட்ச்மேன் மாதிரி, தனியாக அடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் அதுவும் நிற்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தப் படிகள் வேகமாக வரும். மீன் பலவீனமாக இருந்தால் இன்னும் வேகம்.

தவளையும் தெரியும். கல்லூரியில் விலங்கியல் படித்தவன். செய்முறை வகுப்புக்கு வயலிலிருந்து தவளை பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் பெஞ்சுக்கு. மயக்கத் தண்ணீரில் உட்காரவைத்தால் போதும், அடிவயிற்றுத் தோலே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஒரு தவளைக்குத் தொண்டைத் துடிப்பு நின்றது, கிள்ளினால் அசைவில்லை. இறந்துவிட்டது என்று நோட்டில் எழுதி, ஈரப் பஞ்சில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். தோல் வழியாகவே அது காற்றை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது மேசை மேல் எழுந்து உட்கார்ந்து, எழுதினவன் யார் என்பது போல் எங்களைப் பார்த்தது. அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? என்னிடம் ஈரத் தோல்கூட இல்லை.

இரண்டு முறை தேதி வாங்கினேன், இரண்டு முறையும் தப்பித்தேன். முதல் தடவை அனுமந்தன்பட்டியில் ஒரு காதுகுத்து இருப்பதாகச் சொன்னேன். காதுகுத்து நிஜம்தான், ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டாருக்கும் எனக்கும் மீன் வாங்கிய பழக்கம் மட்டும்தான். இரண்டாவது தடவை மீன் லோடு வருகிறது என்றேன். மூன்றாவது தேதி ஒரு வியாழக்கிழமைக்கு விழுந்தது. இடையில் ஒருநாள் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நெஞ்சுக்குக் கீழே கத்தி செருகியது போல் வலித்துச் சுருண்டு கிடந்தேன். கல் நகர்ந்து குழாயில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த முறை என் மனைவி பள்ளிக்கூட வேலைக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கடையில் எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்கப் போனோம். சின்ன வயதுப் பெண். கம்பத்துக்கும் மேலே எல்லையோர ஊர்க்காரர், பேச்சில் லேசாக மலையாளம் இழுத்தது. நான் கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"டாக்டர், மயக்கம் சரியா ஏறிருச்சான்னு எப்படிப் பாப்பீங்க? நாங்க வாலக் கிள்ளுவோம்."

"உங்களுக்கு வால் இல்லையே."

"இருக்குங்கறாக வீட்டுல."

"பேசாம இருங்க" என்றாள் மனைவி.

"மூச்சு நின்னுட்டா?" என்றேன். இந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

"அது தன்னால நிக்காது சார். நாங்கதான் நிறுத்துவோம்" என்றார் அவர், பஸ் நேரம் சொல்வது போல. "தசையெல்லாம் தளர மருந்து குடுப்போம். அப்புறம் தொண்டையில குழாய் விட்டு மெஷின் மூச்சு விடும். முடிஞ்சதும் திரும்ப உங்களையே விட வைப்போம்."

நான் பதினெட்டு வருடமாக எந்தப் படிக்கு முன்னால் மீனை வெளியே எடுத்துவிடுவேனோ, அந்தப் படியிலிருந்துதான் இவர்கள் வேலையையே தொடங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து அவர் தாளை எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, முன்னால் ஆபரேஷன் உண்டா. எல்லாம் இல்லை.

"சிகரெட்?"

பக்கத்தில் என் மனைவி. "இல்ல டாக்டர்" என்றேன்.

"முன்னாடி?"

"இருந்துச்சு. விட்டு மூணு வருசம் ஆச்சு" என்று என் மனைவியே பதில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா. நான் சிகரெட்டை விட்டால் மூன்று வருடம் அக்கினிச் சட்டி எடுப்பதாக இவள் ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டாள். நானும் விட்டேன். உண்மையிலேயே இருபது நாள் விட்டேன். இருபத்தோராம் நாள் கடைக்குப் பின்னால் நின்று ஒன்று பற்றவைத்தேன். சொல்லிவிடலாம் என்று நினைப்பதற்குள் சித்திரை வந்துவிட்டது, அவள் மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலை வைத்து, அதன் மேல் எரியும் சட்டியை ஏந்தி நடந்துவிட்டாள். அப்புறம் எப்படிச் சொல்வது? மூன்று வருடமும் அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நடந்தேன், வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு. ஏலக்காய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஏலக்காய் மணக்கும் போடி பக்கத்து ஆளிடம் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பொய்யோடு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஒரு சிகரெட்டில் என்ன ஆகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்று என்பதும் பொய். ஒரு நாளைக்கு ஐந்து.

புதன்கிழமை, ஆபரேஷனுக்கு முதல் நாள், காலை பதினொரு மணிக்குப் போடியிலிருந்து ஒரு அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். ஏலக்காய், கிராம்பு, மிளகு மொத்த வியாபாரம். பரம்பரையாக வேதக்காரக் குடும்பம். கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய தொட்டியில் ஒரு ஃபிளவர்ஹார்ன் வளர்க்கிறார். சிவப்பு உடம்பு, நெற்றியில் பன் மாதிரி புடைப்பு. காலையில் ஜெபம் முடித்ததும் அதற்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார். பிள்ளைகள் வெளியூரில். கடையில் அவரோடு நாள் முழுக்க இருப்பது அந்த மீன்தான். அதை ஒரு வாளியில் வைத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, இவன் ரெண்டு நாளா வாய மூட மாட்டேங்கிறான். உள்ளாற கல்லு ஒண்ணு மாட்டிக்கிருச்சு. பாருங்க."

பார்த்தேன். தொட்டிக் கூழாங்கல் ஒன்று வாய்க்குள் குறுக்காக நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

"அதுக்கும் கல்லு, உங்களுக்கும் கல்லு" என்றாள் மனைவி. "மொதல்ல அது படுக்கட்டும், அதப் பாத்து நீங்க தைரியமாப் படுங்க."

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இரை தின்றதா?

"நேத்து வரைக்கும் நல்லாத் தின்னான்."

"மருந்து கிருந்து ஏதாவது போட்டீகளா அண்ணாச்சி?"

"சேச்சே. நமக்கு எதுக்குத் தம்பி அந்த வேல."

வாளியில் கிராம்பு வாசம் அடித்தது. ஆனால் அண்ணாச்சி எப்போது வந்தாலும் கிராம்பு வாசம்தான் வரும். அவர் சட்டை, அவர் கார், அவர் கொடுக்கும் ரூபாய் நோட்டு எல்லாமே அப்படித்தான். அதனால் என் மூக்கு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பாட்டிலைக் குலுக்கிச் சிவப்புத் தொட்டியில் ஊற்றி மீனை விட்டேன். வழக்கமாக மூன்று நாலு நிமிடம் ஆகும். இது ஓடவே இல்லை. நான் கையைத் துடைப்பதற்குள் சாய்ந்துவிட்டது. பட்டினி கிடந்திருக்கும், பலவீனம் என்று நினைத்தேன். வாலைக் கிள்ளினேன், அசைவில்லை. ஈரத் துணியில் எடுத்து வைத்து இடுக்கியை வாயில் விட்டேன். கல் வழுக்கியது. மறுபடி விட்டேன். செவுள் மூடி ஒருமுறை தூக்கியது. இறங்கியது. நான் அடுத்த தூக்கலுக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை.

"என்னங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றாள் மனைவி.

வாய் வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் செவுளுக்குக் காற்று. வாயில்தான் கல் அடைத்திருக்கிறது. கல்லை எடுக்காமல் முழிப்புத் தொட்டியில் போட்டுப் பிரயோஜனம் இல்லை. இடுக்கியால் கல்லின் ஓரத்தைத் தேடினேன். வாய் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இந்தா வந்துருச்சு, பய கல்லு மேல ஆசப்படுறான், குடுக்க மாட்டேங்கிறான்" என்று ஏதேதோ. மூன்றாவது முறை கல்லின் ஓரத்தைத் திருப்பியதும் அது துள்ளித் தரையில் விழுந்து உருண்டது. மீனை நீலத் தொட்டியில் இறக்கி, சின்ன மோட்டாரின் குழாயை அதன் வாயில் பிடித்துத் தண்ணீரை விட்டேன். தண்ணீர் உள்ளே போய்ச் செவுள் வழியாக வெளியே வந்தது. மீன் தன்னால் ஒன்றும் செய்யவில்லை. மெஷின் மூச்சு விடும் என்று அந்த மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"தம்பி" என்றார் அண்ணாச்சி. குரலே மாறியிருந்தது. "காலையில நாங்கூட கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"வீடியோவுல பாத்தேன். தைலத்த விட்டா மயங்கும்னு போட்டிருந்தான். வாளியில விட்டுப் பாத்தேன். கொஞ்சம் சாஞ்சான். கல்லு வரல. பயந்துபோயி நல்ல தண்ணியில போட்டேன், முழிச்சுக்கிட்டான். சரி, அதான் முழிச்சுட்டானேன்னு…"

"எவ்வளவு விட்டீக?"

"ஒரு மூடி."

"மூடியா! நான் சொட்டுக் கணக்குல விடுறேன் அண்ணாச்சி!"

"நம்ம கடைத் தைலம் தம்பி. கலப்படமே கெடையாது" என்றார். அந்த நிலைமையிலும் வியாபாரி விட்டுக்கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா ஒண்ணும் திங்கவும் இல்ல."

காலையில் ஏறிய மருந்து அதன் உடம்பைவிட்டு முழுதாகப் போவதற்குள் அதன் மேல் நான் என் பங்கையும் ஏற்றியிருக்கிறேன். கண் விழித்துவிட்டது என்பதால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை.

என் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "மொதல்லயே சொன்னா என்ன அண்ணாச்சி? மருந்து குடுக்குறவுககிட்ட யாராவது மறைப்பாகளா? உசுரு போற வெசயத்துல வெக்கம் என்ன வேண்டிக்கெடக்கு? இவுக கேட்டாகல்ல, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?" என்று பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொல்றது சரிதானங்க?" என்றாள்.

"சரிதான்" என்றேன். மீனுக்குச் செவுள் நின்ற இடத்திலேயே எனக்கும் நின்றது.

மீனுக்கு இதயம் தொண்டைக்கு அடியில், செவுளுக்குப் பின்னால் இருக்கும். அங்கே விரலை வைத்தேன். முதலில் என் விரலின் துடிப்புதான் தெரிந்தது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அதன் அடியில் இன்னொரு துடிப்பு, ரொம்பத் தூரம் விட்டு விட்டு. ஆள் இருக்கிறான். குழாயை எடுக்கவில்லை. அண்ணாச்சி கண்ணை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஆத்தாவைக் கூப்பிட்டாள். நான் பேசவில்லை. அன்று என்னைப் பார்த்தவர்கள் நான் தைரியமாக இருப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. செவுள் மூடி ஒருமுறை, தும்முவதற்கு முன்னால் மூக்கு விரிவது போல, விரிந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஒரு வரிசை வந்தது. வால் நுனி ஆடியது. சாய்ந்து கிடந்தது நிமிரப் பார்த்து விழுந்தது, மறுபடி நிமிர்ந்தது. ஏறிய படிகளிலேயே திரும்ப இறங்கி வந்தது. கடைசியில் வாயை மூடித் திறந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முதுகுப் பக்கம் திறந்த அங்கி. கையில் ஊசி செருகியிருந்தது. என் மனைவி பையும் பிளாஸ்க்குமாகப் பக்கத்தில். அந்த மயக்க மருத்துவர் அதே தாளோடு வந்தார். அதே கேள்விகளை மறுபடி வரிசையாகக் கேட்டார். நேற்று சாப்பிட்டது எப்போது, தண்ணீர் குடித்தது எப்போது. சிகரெட் கேள்வி நெருங்கிக்கொண்டிருந்தது.

"சிகரெட் இல்ல, இல்லையா?" என்று அவரே டிக் அடிக்கப் போனார்.

"இருக்கு டாக்டர்."

பேனா நின்றது. பக்கத்தில் என் மனைவி பைக்குள் வைத்துக்கொண்டிருந்த பிளாஸ்க்கும் பாதியில் நின்றது.

"எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு அஞ்சு. பயமா இருந்தா எட்டு. இந்த வாரம் பூரா எட்டு."

"கடைசியா எப்ப?"

"இன்னைக்குக் காலையில. பாத்ரூம் போறேன்னு சொல்லி."

"சனிக்கிழமை இல்லன்னு சொன்னீங்க."

"சனிக்கிழமை இவ பக்கத்துல இருந்தா."

"இப்பவும் பக்கத்துலதான் இருக்காங்க."

"ஆமா டாக்டர். அதான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன்."

அவர் திட்டவில்லை. நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். சளி இழுக்கிறது, குழாய் விடும்போது மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளலாம் என்றார். இன்றைக்கே பண்ணியாக வேண்டிய ஆபரேஷன் இல்லை, நாலு வாரம் முழுதாக நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். "சொன்னது நல்லதாச்சு சார்" என்று போகும்போது தோளைத் தொட்டார்.

நான் கண்ணைத் திறந்து என் மனைவியைப் பார்த்தேன். அவள் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். இரவிலிருந்து பட்டினி கிடந்தவனுக்குத் தருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவளே குடித்தாள். இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தாள். பிளாஸ்க் காலியாகும்வரை குடித்தாள்.

ஆட்டோவில் வரும்போது நேரு சிலை தாண்டும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் தேவலை என்று இருந்தது.

"மூணு வருசம்" என்றாள்.

"ம்."

"சுடலையான்னு எல்லாரும் கேட்டாக. ஆத்தா கையில ஏந்துனா எப்படிச் சுடும்னு சொன்னேன்." உள்ளங்கையைப் பார்த்தாள். "சுட்டுச்சு. நானும் பொய்தான் சொல்லியிருக்கேன்."



நாலு வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கடைக்கு வந்து பின்பக்கக் கதவுக்கு நேரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். ஏலக்காயை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டாள், பாயசத்துக்குக்கூட எடுக்கவில்லை. சிகரெட் நினைப்பு வந்தால் நீலத் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். அதில் மருந்து எதுவும் இருக்காது, வெறும் தண்ணீர்தான். பாதி நாள் அழுகை வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுபடி அதே பச்சை அங்கி. இந்த முறை தள்ளுவண்டியில் தியேட்டருக்குள் வரை போய்விட்டேன். பெரிய விளக்கு. சின்னச் சத்தத்தோடு ஒரு மெஷின் என் நாடித் துடிப்பை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது. அது அறிவித்த வேகத்தைக் கேட்டு எனக்கு இன்னும் பயம் கூடியது, அதுவும் இன்னும் வேகமாக அறிவித்தது. படிகளை எல்லாம் கவனித்துக்கொண்டே போக வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். முதலில் படபடப்பு, பிறகு சாய்வு, பிறகு வால்.

மயக்க மருத்துவர் தலைமாட்டில் குனிந்தார். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. "சார், வேற ஏதாவது எங்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கா? குழாய் விடப் போறேன்."

தொண்டையில் குழாய் என்றதும் எனக்கு ஒன்று உறைத்தது. ஊசி இல்லாத கையை வாயில் விட்டு, மேல் வரிசையில் முன்னால் இருந்த ஒரு பல்லைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். கட்டுப்பல். தேவதானப்பட்டிப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தபோது போன பல். பைக்கை எடுத்துக்கொண்டு எங்கே போனேன் என்ற கேள்வி வரும் என்பதால், அதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மருத்துவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது உள்ள விழுந்திருந்தா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். நர்ஸ் அதைப் பஞ்சில் சுற்றினார். என் முகத்தில் ரப்பர் வாசத்தோடு ஒரு மூடி வந்து உட்கார்ந்தது. "நல்லா இழுத்து விடுங்க சார்." இழுத்தேன். படபடப்பு இருந்தது. அடுத்தது சாய்வு வரும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்ததுதான் கடைசி. சாய்வும் இல்லை, வாலும் இல்லை, கனவும் இல்லை. நடுவில் போனது எவ்வளவு நேரம் என்பதுகூட என்னிடம் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது, கத்தியை நினைத்தால் இல்லை.

முதலில் சத்தம் வந்தது. யாரோ மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன், தொண்டை எரிந்தது. பிறகு வெளிச்சம். கழுத்து நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு கை அதை நிமிர்த்தி வைத்தது. கை சூடாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது.

என் மனைவி. அழுது முடித்த முகம். இன்னொரு கையில் பஞ்சுப் பொட்டலம். ஆபரேஷன் தொடங்கின கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, அவசரத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல், "இத வச்சுக்கங்க" என்று அவள் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பித்தப்பைக்குப் போன புருசனிடமிருந்து ஏன் பல் வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

நான் கண்ணைத் திறந்ததை உறுதிசெய்துகொண்டாள். என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், நான் முகத்தை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"இன்னும் வேற என்னென்ன கழட்டுற மாதிரி வச்சிருக்கீக?"